ஐசியுல இருக்கற பெரியவங்களோட ரத்த ரிப்போர்ட்டை வீட்டாளுங்க எப்படிப் படிக்கணும்

ரங்கூன்ல நம்ம வீட்டுப் பெரியவங்க யாராவது ஐசியுல படுத்துட்டாங்கன்னா மூணு பாஷையில தலை சுத்தும். சயாவுன், அதாவது டாக்டர், பர்மீஸ்ல சொல்றாரு, ரிப்போர்ட் இங்கிலீஷ்ல வருது, வெளிய வராந்தாவுல பாய் விரிச்சு உக்காந்திருக்கற நாம தமிழ்ல அழுதுட்டு இருக்கோம். போன மழைக்காலத்துல எங்கப்பாவுக்கு நிமோனியா, வயசு 79, 11 நாள் ஐசியு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தன்லின்ல இருந்த எங்க பெரியம்மாவுக்கு, அவங்களுக்கு 84. அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, பெரியம்மா வரல. ரெண்டு தடவையும் லூனாசௌங்கா, அதாவது நோயாளிக்குத் துணையா ராப்பகலா ஆஸ்பத்திரியில கிடக்கற ஆளா, நான்தான் இருந்தேன். பெரியம்மா சமயத்துல எனக்கு ஒரு எழவும் புரியல. அப்பா சமயத்துல ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சேன், அதுல இருந்து கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, இதை வச்சு மருந்தை மாத்தச் சொல்லாதீங்க. ஆனா தினம் கையில குடுக்கற அந்தச் சீட்டுல என்ன இருக்குன்னு புரிஞ்சா டாக்டர்கிட்ட கேக்கற கேள்வி மாறும், ராத்திரி கொஞ்சம் தூக்கமும் வரும்.

முதல்ல இந்த அழற்சி, இன்ஃப்ளமேஷன்னு சொல்றது என்னன்னு பாத்துருவோம். கால்ல முள்ளு குத்துனா அந்த இடம் செவந்து, சூடாகி, வீங்குதுல்ல, அது உடம்பு சண்டை போடறது. அதே சண்டை நுரையீரல் மாதிரி ஒரு இடத்துல ஆரம்பிச்சு ரத்தம் வழியா உடம்பு பூரா பரவிட்டா அதைத்தான் செப்சிஸ்னு சொல்றாங்க. கிருமி பண்ற சேதம் பாதி, நம்ம உடம்பே தலைகால் தெரியாம அடிக்கற அடி மீதி. அந்தச் சண்டை எவ்வளவு சூடா இருக்குன்னு காட்டற சாமான்கள்தான் ரத்தத்துல அளக்கற சிஆர்பி, புரோகால்சிட்டோனின், வெள்ளணு இதெல்லாம். இதெல்லாம் புகை மாதிரி. புகை வருதுன்னா எங்கயோ எரியுதுன்னு தெரியும், எந்த அறையில எரியுது, என்ன எரியுதுன்னு புகையை மட்டும் பாத்து சொல்ல முடியாது.

சரி, நோட்டு. 80 பக்க கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்குங்க, போன்ல ஏத்தி வைக்கறதை விட இதுதான் நல்லது, ஏன்னா ஷிஃப்ட் மாறும்போது தம்பி வருவான், மச்சான் வருவாரு, எல்லாரும் ஒரே நோட்டுல எழுதணும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேல தேதி, ஐசியுல எத்தனாவது நாள். ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல ரத்தம் எடுத்த நேரம், யூனிட், எந்த லேப்னு மூணும் எழுதியே ஆகணும். ரிப்போர்ட் கையில வந்த நேரத்தை எழுதாதீங்க, ரத்தம் எடுத்த நேரம். காலையில 6 மணிக்கு எடுத்தது சாயங்காலம் 4 மணிக்கு வரும், நடுவுல பத்து மணி நேரம் போயிருக்கும், அதுக்குள்ள ஆளு நிலைமை மாறியிருக்கும்.

யூனிட் எழுதச் சொல்றதுக்குக் காரணம் எங்க வீட்ல நடந்த ஒரு விஷயம். அப்பாவுக்கு முதல் நாள் சிஆர்பி 212, ரெண்டாம் நாள் 248. மூணாம் நாள் ஆஸ்பத்திரி லேப்ல அந்த டெஸ்டுக்கான மருந்து தீந்துருச்சுன்னு ரத்தத்தை எங்க கையில குடுத்து வெளி லேபுக்கு அனுப்புனாங்க. சாயங்காலம் ரிசல்ட் வந்தது, 19.6. எனக்குக் கை நடுங்குது, 248ல இருந்து 19! அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன், அம்மா உடனே ஆட்டோ பிடிச்சு அனோரத்தா ரோடு காளியம்மன் கோயிலுக்குப் போயி தேங்கா உடைச்சு, அங்க இருந்தவங்களுக்கெல்லாம் சொல்லி, ஊருல இருந்து சொந்தக்காரங்க வாழ்த்து வேற சொல்றாங்க. ராத்திரி ட்யூட்டி சயாமா, அதாவது நர்ஸ், வயசுல சின்னப் பொண்ணு, அந்தச் சீட்டை வாங்கிப் பாத்துட்டு மெதுவா விரலை வச்சுக் காட்டுனா. ஆஸ்பத்திரி லேப்ல மில்லிகிராம் பெர் லிட்டர். வெளி லேப்ல மில்லிகிராம் பெர் டெசிலிட்டர். ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர், அதனால 19.6ங்கறது 196. இறங்கியிருக்கு, ஆனா கொஞ்சூண்டுதான். அம்மாவுக்கு மறுபடி போன் பண்ணி அதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

அதனால சிஆர்பி சீட்டு வந்ததும் நம்பரைப் பாக்கறதுக்கு முன்னாடி யூனிட்டைப் பாருங்க. டெசிலிட்டர்னு இருந்தா பத்தால பெருக்கி எழுதுங்க. முடிஞ்சா எல்லா ரத்தமும் ஒரே லேபுக்குப் போகட்டும்.

இந்த சிஆர்பிங்கறது கல்லீரல் செய்யற ஒரு புரதம். 1930ல நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்துல நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல கண்டுபிடிச்சாங்க. நல்லா இருக்கற ஆளுக்கு லிட்டருக்கு 5 இல்ல 10 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கும், பெரிய தொற்று வந்தா நூறு இருநூறுன்னு தாண்டும். இதுல வீட்டாளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது இதோட வேகம். கிருமி புகுந்து ஒரு ஆறு மணி நேரம் கழிச்சுதான் ஏறவே ஆரம்பிக்கும், உச்சிக்குப் போக ரெண்டு நாள் வாக்குல ஆகும். அப்பன்னா சேத்த மறுநாள் நம்பர் ஏறியிருந்தா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தமில்ல, நேத்து நடந்த சண்டையோட கணக்கு இன்னைக்கு வருது. கல்லீரல் செய்யறதை நிறுத்திட்டா 19 மணி நேரத்துக்கு ஒருக்கா ரத்தத்துல இருக்கறது பாதியாகும். அதனால மூணாம் நாள், நாலாம் நாள்தான் உண்மையான சேதி வர ஆரம்பிக்கும்.

போர்ச்சுகல்ல போவோவான்னு ஒரு ஐசியு டாக்டர், அவரும் கூட இருக்கறவங்களும் இதையே தொழிலா வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. முதல் நாள் சிஆர்பியை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளும் அதுல எத்தனை பங்கு மிச்சம்னு பாக்கறது அவங்க வழி. நாலாம் நாள்ல 0.4க்குக் கீழ போயிட்டா வேகமா இறங்கற ரகம். மெதுவா ஆனா நிக்காம இறங்கறது இன்னொரு ரகம். 0.8க்கு மேலயே நிக்கறது மூணாவது. இறங்கிட்டு மறுபடி ஏறுறது நாலாவது. முதல் ரெண்டு ரகத்துல பிழைக்கறவங்க நிறைய, பின்னாடி ரெண்டு ரகத்துலதான் சாவு அதிகம். அப்பாவுக்கு நாலாம் நாள் 160. 160ஐ 212ஆல வகுத்தா 0.75, அவரு மெதுவா இறங்கற ரகம். அஞ்சாம் நாள் 118, ஏழாம் நாள் 64. போன்ல கால்குலேட்டர் இருக்கு, இந்த வகுத்தல் மட்டும் தினம் பண்ணி நோட்டுல எழுதுங்க, ஒரு தனி நம்பரை முறைச்சுப் பாக்கறதை விட இது எத்தனையோ மேல்.

நாலாவது ரகத்தைப் பத்தி ஒரு வார்த்தை கூட. இறங்கி வந்த நம்பர் ஏழாம் நாள் எட்டாம் நாள் திடீர்னு ஏறுச்சுன்னா, புதுசா ஏதாவது வந்திருக்கலாம், மருந்து ஏத்தக் கழுத்துல போட்ட குழாய்ல, அதாவது லைன்ல தொற்று, யூரின் பைப்ல தொற்று, வென்டிலேட்டர்னால வர்ற நிமோனியா, படுக்கைப் புண். அன்னைக்கு டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது "லைன் போட்டு எத்தனை நாள் ஆச்சு, இன்னும் வேணுமா, யூரின் பைப் எடுக்கலாமா?" இந்தக் கேள்விக்குக் கோவப்படற டாக்டரை நான் பாக்கல.

புரோகால்சிட்டோனின் கொஞ்சம் விலை ஜாஸ்தி, எல்லா இடத்துலயும் தினம் எடுக்க மாட்டாங்க, எடுக்கச் சொல்லி நாம பிடிவாதம் பிடிக்கவும் தேவையில்ல. தைராய்டுல செய்யற ஒரு ஹார்மோனோட மூலப்பொருள் இது, நல்லா இருக்கற ஆளு ரத்தத்துல ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் கூட இருக்காது. பாக்டீரியா தொற்று பெருசா வந்தா உடம்புல பல இடத்துல இருந்து இது கொட்ட ஆரம்பிக்கும், 1993ல பிரான்ஸ்ல இதைக் கண்டுபிடிச்சு எழுதுனாங்க. 0.5க்குக் கீழன்னா செப்சிஸ் சான்ஸ் கம்மி, 2க்கு மேலன்னா ஜாஸ்தின்னு ஒரு கணக்கு. சிஆர்பியை விட சீக்கிரம் ஏறும், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட பாதியா இறங்கும். இதோட பெரிய உபயோகம் ஆன்டிபயாட்டிக்கை எப்ப நிறுத்தலாம்னு பாக்கறதுக்கு. நெதர்லாந்துல ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல ஐசியுல சேத்துப் பண்ணி 2016ல வந்த ஆய்வுல, உச்சியில இருந்து 80 சதவீதம் இறங்குனாலோ 0.5க்கு வந்தாலோ நிறுத்தலாம்னு டாக்டருங்களுக்குச் சொல்லி வச்சாங்க. மருந்து நாள் குறைஞ்சுது, 28 நாளுக்குள்ள சாவும் கூடல, குறைஞ்சுதான் இருந்துச்சு, 25 சதவீதம் இருந்த இடத்துல 20. அப்பாவுக்கு உச்சி 11.4, அதுல 80 சதவீதம் போனா 2.28, ஆறாம் நாள் 1.9 வந்தது. ஆனா ஆரம்பிக்கறதுக்கு இதை மட்டும் நம்பக் கூடாதுன்னு உலக அளவுல செப்சிஸ் வழிகாட்டியிலயே 2021ல எழுதியிருக்காங்க, நம்பர் கம்மியா இருக்குன்னு ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப் போட முடியாது. கிட்னி வேலை செய்யாதவங்களுக்கும் ஆபரேஷன் ஆனவங்களுக்கும் தொற்று இல்லாமலே ஏறி நிக்கும். பலமான மலேரியாவுலயும் ஏறும், நம்ம நாட்டுல அதை மறக்கக் கூடாது.

இங்க நம்ம ஊர் விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். மெலியாய்டோசிஸ்னு ஒரு நோய், மண்ணுலயும் தேங்கி நிக்கற தண்ணியிலயும் இருக்கற பாக்டீரியா, மழைக்காலத்துல ஜாஸ்தி, சுகர் இருக்கறவங்களை வேட்டையாடும். இதை உலகத்துலயே முதல்ல கண்டுபிடிச்சு எழுதுனது நம்ம ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரியிலதான், 1912ல, விட்மோர்ங்கற வெள்ளைக்கார டாக்டரும் அவர் கூட இருந்த கிருஷ்ணசாமிங்கறவரும். வயக்காட்டுல வேலை பாத்தவங்க, சுகர்காரங்க, மழைக்காலத்துல நிமோனியான்னு வந்தா டாக்டர்கிட்ட இதைப் பாத்தீங்களான்னு கேளுங்க, ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற பிளட் கல்ச்சர் அனுப்புனீங்களான்னு கேளுங்க. இந்த நோய்ல சிஆர்பி அவ்வளவா ஏறாமலே கூட ஆளு மோசமா இருக்கலாம். ஊசி மருந்தே குறைஞ்சது பத்து பதினாலு நாள், அப்புறம் மூணு மாசம் மாத்திரை. சிஆர்பி இறங்கிருச்சு, நல்லா இருக்காருன்னு மாத்திரையை நிறுத்துனா திரும்ப வரும். அதனால நிறுத்தற கணக்கை நோய் எதுன்னு தெரிஞ்சுதான் போடணும்.

அடுத்தது வெள்ளணு. ரத்த அணுவை எண்ணற சிபிசி ரிப்போர்ட் தினம் வரும், விலையும் கம்மி, அதுலயே ஒரு பெரிய விஷயம் ஒளிஞ்சிருக்கு. நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் எத்தனை சதவீதம்னு ரெண்டு வரி இருக்கும், ரெண்டும் வெள்ளணுவுல ரெண்டு வகை. முதல்லதை ரெண்டாவதால வகுத்தா வர்றது என்எல்ஆர். 2001ல ஸ்லோவாக்கியாவுல சஹோரெட்ஸ்னு ஒரு டாக்டர், ஐசியு நோயாளிங்களுக்கு இது சல்லிசான அளவுகோல்னு எழுதுனாரு, அதுக்கப்புறம் உலகம் பூரா எழுதித் தள்ளிட்டாங்க. நல்ல ஆளுக்கு 1ல இருந்து 3 வரைக்கும், வயசானா கொஞ்சம் கூடும். அப்பாவுக்கு முதல் நாள் 90ம் 5ம், அதாவது 18. வார்டுக்கு மாத்தும்போது 78ம் 13ம், அதாவது 6. இந்த நம்பர் உசந்து இருக்கற குரூப்ல சாவு ஜாஸ்தின்னு நிறைய ஆய்வு சொல்லுது. லிம்ஃபோசைட் நாள் போகப் போக ஏறி வரலன்னா, அதாவது உடம்போட எதிர்ப்புப் படை திரும்ப எந்திரிக்கலன்னா, அதுவும் நல்ல சகுனம் இல்ல.

ஆனா அப்பாவுக்கு மூணாம் நாள் இது 23க்கு ஏறுச்சு. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அப்புறம் பழைய பக்கத்தைத் திருப்பிப் பாத்தா, முந்தின நாள் சாயங்காலம் ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு ஆரம்பிச்சிருக்காங்க, பிரஷர் நிக்கலன்னு, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா 50 மில்லிகிராம். ஸ்டீராய்டு குடுத்தா நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும், அது மருந்தோட வேலை. அதனால நோட்டுல மருந்து மாறுன நாளையும் எழுதுங்க, ஸ்டீராய்டு, புது ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏத்துனது, டயாலிசிஸ். அழற்சியை அடக்கற டோசிலிசுமாப் மாதிரி ஊசி போட்டிருந்தா சிஆர்பி விழுந்துரும், உள்ள தொற்று இருந்தாலும் விழுந்துரும். கல்லீரல் பழுதானவங்களுக்கு சிஆர்பி செய்யவே ஆளு இல்ல, அங்க கம்மியா இருக்கறதைப் பாத்து சந்தோஷப்பட முடியாது.

அல்புமின், அதாவது கல்லீரல் செய்யற இன்னொரு ரத்தப் புரதம், பத்தி எங்க வீட்ல பெரிய சண்டையே நடந்துச்சு. அப்பாவுக்கு 3.4ல இருந்து நாலு நாள்ல 2.3க்கு இறங்கிருச்சு, உடனே அத்தை "சாப்பாடே குடுக்கறதில்ல, முட்டை வெள்ளைக்கருவை அடிச்சு ட்யூப்ல ஊத்தச் சொல்லு"ன்னு நின்னாங்க. அல்புமினோட அரை ஆயுள், அதாவது இருக்கறது பாதியாகற நேரம், மூணு வாரம் கிட்ட, பட்டினி கிடந்தாக் கூட நாலு நாள்ல அவ்வளவு இறங்காது. அழற்சியில ரத்தக்குழாய் ஓட்டையாகி அது வெளிய கசிஞ்சு போகுது, கல்லீரலும் சிஆர்பி செய்யறதுல மும்முரமா இருந்து இதைச் செய்யறதைக் குறைச்சுக்குது. கையும் காலும் உப்பிக் கிடக்கறதுல அதுக்கும் பங்கு உண்டு. சாப்பாடு முக்கியம்தான், அதை டயட்டீஷியன் கணக்கு போட்டுக் குடுப்பாங்க, நாமளா ட்யூப்ல எதையும் ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போனா அவ்வளவுதான். சேரும்போதே அல்புமின் கம்மியா இருந்தா முன்னாடியே உடம்பு நலிஞ்சு போயிருக்குன்னு ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கலாம்.

இஎஸ்ஆர்னு ஒரு பழைய அழற்சி டெஸ்ட், அதைப் பத்தி ஐசியுல கவலைப்பட வேணாம், வயசானாலே ஏறும், ஆம்பளைக்கு வயசுல பாதி வரைக்கும் சாதாரணம்னு ஒரு கணக்கு இருக்கு, ரத்தசோகை இருந்தாலும் ஏறும். ஃபெரிட்டின், ஐஎல் 6 மாதிரி மத்த அழற்சி டெஸ்டெல்லாம் டாக்டர் காரணத்தோட கேட்டா எடுக்கட்டும்.

லாக்டேட் அழற்சி அளவு இல்ல, ஆனா அதையும் எழுதுங்க. உடம்புக்கு ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் பத்தலன்னா ஏறும். தண்ணி ஏத்தியும் மருந்து இல்லாம பிரஷர் நிக்கலன்னு இருந்து, அதோட லாக்டேட் 2க்கு மேலயும் இருந்தா அதுக்குப் பேரு செப்டிக் ஷாக், 2016ல வந்த வரையறை. அந்த நிலையில இருக்கறவங்கள்ல நூத்துக்கு நாப்பதுக்கு மேல ஆஸ்பத்திரியிலேயே போயிடறாங்க. அப்பாவுக்கு முதல் நாள் 4.6, மறுநாள் 2.1, மூணாம் நாள் 1.4. சிஆர்பி ஏறிட்டு இருந்த ரெண்டாம் நாள்ல இதுதான் எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல சேதி.

டாக்டர்கிட்ட தினம் ஒரே ஒரு கேள்விதான் கேக்க முடியும்னா "இன்னைக்கு சோஃபா எத்தனை?"ன்னு கேளுங்க. சோஃபாங்கறது உறுப்புங்க எவ்வளவு கெட்டிருக்குன்னு போடற மார்க். நுரையீரல், பிரஷர், கிட்னி, கல்லீரல், ரத்தத்தட்டு (பிளேட்லெட்), மூளை, ஆறு உறுப்புக்கு ஆளுக்கு 0ல இருந்து 4 மார்க், மொத்தம் 24, கூடுனா மோசம். புகையை அளக்கறது சிஆர்பி, எத்தனை அறை எரியுதுன்னு எண்ணறது இது. சிஆர்பி இறங்குது, சோஃபாவும் இறங்குதுன்னா நிம்மதியா மூச்சு விடலாம். சிஆர்பி இறங்குது, சோஃபா ஏறுதுன்னா டாக்டரை உக்கார வச்சுப் பேசணும்.

இந்த மூளை மார்க்குல நம்மாளுங்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. அப்பா அறுபது வருஷம் ரங்கூன்ல கடை வச்சவரு, பர்மீஸ் தண்ணி மாதிரி பேசுவாரு. அஞ்சாம் நாள் மயக்கம் தெளிஞ்சதும் தமிழ் மட்டும்தான் வந்துச்சு, அதுவும் சின்ன வயசுல அவங்க ஆத்தா கூடப் பேசுன தமிழ். சயாமா பர்மீஸ்ல பேரு கேட்டா பதில் இல்ல, கையைத் தூக்கச் சொன்னா தூக்கல, குழப்பத்துல இருக்காருன்னு எழுதிட்டாங்க. நான் உள்ள போய் "அய்யா, கையைத் தூக்குங்க"ன்னதும் தூக்கிட்டு "எங்கடி இருக்கோம்?"னு கேட்டாரு. அன்னைக்கு ராத்திரியே ஒரு அட்டையில "வலிக்குதா", "தண்ணி வேணுமா", "கையைத் தூக்குங்க", "மூச்சு முட்டுதா"ன்னு நாலு வார்த்தையை பர்மீஸ் எழுத்துல எழுதி பெட்டுல கட்டி விட்டேன், சயாமாங்க அதைப் படிச்சுப் பேசுனாங்க, மறுநாள் மார்க் மாறிருச்சு. நீங்களும் இதை முதல் நாளே பண்ணுங்க. கண்ணாடி, காது மெஷின், பல்செட் எது இருந்தாலும் உள்ள குடுத்து விடுங்க.

வயசானவங்க உடம்பு சண்டை போடற விதமே வேற. காய்ச்சல் வராம இருக்கலாம், வெள்ளணு ஏறாம இருக்கலாம், சாப்பிட மாட்டேங்கறது, திடீர்னு கீழ விழறது, பேச்சு தடுமாறறது இதுதான் முதல் அடையாளமா இருக்கும். பெரியம்மாவுக்கு அப்படித்தான், ரெண்டு நாள் சோறு வேணாம்னாங்க, ஜுரம் இல்லியேன்னு நாங்க விட்டுட்டோம். இன்னொரு பக்கம், வயசாக ஆக உடம்புல ஒரு மெல்லிய அழற்சி நிரந்தரமா தங்கிரும், மூட்டுவலி, சுகர், இருதயம்னு. அதனால சேக்கறதுக்கு முன்னாடி எப்பவாவது எடுத்த சிஆர்பி, அல்புமின் ரிப்போர்ட் வீட்ல இருந்தா தேடி எடுத்துட்டு வாங்க, எதுல இருந்து ஏறுச்சுன்னு டாக்டருக்குத் தெரியும்.

பெரியம்மாவைப் பத்திச் சொல்லணும். அவங்களுக்கு சிஆர்பி 190ல இருந்து எட்டு நாள்ல 40க்கு இறங்குச்சு. நாங்க எல்லாரும் அந்த ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டு வீட்ல கட்டில் எங்க போடறதுன்னு பேசிட்டு இருந்தோம். அதே சமயம் கிட்னி நின்னு போச்சு, ரத்தத்தட்டு தினம் இறங்குச்சு, வென்டிலேட்டரை எடுக்கவே முடியல. பத்தாம் நாள் போயிட்டாங்க. கிருமியை ஜெயிச்சாங்க, ஆனா மீண்டு எந்திரிக்கற தெம்பு உடம்புல இல்ல. சேக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே குளிக்க, எந்திரிக்க ஆள் துணை வேணும், எடை குறைஞ்சுட்டே வந்துச்சு. அந்தக் கேள்வியை யாரும் எங்ககிட்ட கேக்கல, நாங்களும் சொல்லல.

டாக்டருங்க இதுக்கு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, கனடாவுல வந்தது, 1ல இருந்து 9 வரைக்கும், ஆளு நோய் வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு திடமா இருந்தாருன்னு. ஐரோப்பாவுல 21 நாட்டுல 80 வயசு தாண்டுன 5021 பேரை ஐசியுல பாத்த ஒரு பெரிய ஆய்வு 2017ல வந்துச்சு, 30 நாளுக்குள்ள மூணுல ஒருத்தர் கிட்ட இறந்துட்டாங்க, மூணுல ரெண்டு பேர் இருந்தாங்க, அந்த நலிவு மார்க் கூடுனவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. இது ஐரோப்பா கணக்கு, நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்படியே பொருந்தாது, ஆனா சேதி பொருந்தும். அதனால முதல் நாளே நோட்டோட முதல் பக்கத்துல, ரெண்டு வாரம் முன்னாடி இவரு என்னென்ன தானா பண்ணிட்டு இருந்தாருன்னு எழுதுங்க. கடைக்குப் போவாரா, மாடிப்படி ஏறுவாரா, தானா குளிப்பாரா, பேரப்பிள்ளை பேரு ஞாபகம் இருக்கா. கூட்டிச் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

இன்னொண்ணு, ஆய்வுல "சாவு ஜாஸ்தி"ன்னு வர்றது கூட்டத்துக்கான கணக்கு. நூறு பேர்ல எத்தனை பேருன்னு சொல்லும், உங்கப்பா அந்த நூத்துல யாருன்னு சொல்லாது. சிஆர்பி 300 இருந்தவங்க நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க. அதனால முதல் நாள் நம்பரை வச்சு யாரும் முடிவெடுக்க வேணாம், யாராவது எடுக்கச் சொன்னா மூணு நாள் போகட்டும்னு கேளுங்க. அதே மாதிரி ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் சோஃபா ஏறிட்டே இருக்கு, லிம்ஃபோசைட் எந்திரிக்கல, அல்புமின் தரையில கிடக்குன்னா, டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, "இவரு எந்த நிலைமையில வீட்டுக்கு வருவாருன்னு நினைக்கறீங்க?" பிழைப்பாரான்னு கேட்டா பார்ப்போம்பாங்க, இப்படிக் கேட்டா உக்காந்து பேசுவாங்க. எங்களுக்கு இதைப் பேசுனது அண்ணி, பர்மாக்காரங்க, அவங்க பர்மீஸ்ல கேட்டதை நான் தமிழ்ல அம்மாவுக்குச் சொன்னேன். வீட்ல நல்லா பர்மீஸ் பேசற ஒருத்தரை இதுக்குன்னே நியமிச்சுருங்க, பத்து பேர் பத்து தடவை கேக்க வேணாம்.

ஐசியுவை விட்டு வெளிய வந்தாலும் அழற்சி உடனே முழுசா அடங்காது, சிஆர்பி 15, 20ன்னு இழுத்துட்டே இருக்கும், அதுக்காக வாரம் ரெண்டு தடவை காசு குடுத்து ரத்தம் எடுக்காதீங்க, டாக்டர் கேட்டா மட்டும் எடுங்க. புதுசா குழப்பம், மூச்சு வேகமா வாங்கறது, ஒண்ணுக்கு குறையறது, சாப்பாடு வேணாங்கறது இதுல எது வந்தாலும் ஜுரம் இருக்கான்னு பாத்துட்டு இருக்காம அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க.

படுத்த படுக்கையில சதை உருகிப் போயிருக்கும், அதைத் திரும்பக் கொண்டு வர்றதுதான் இனி வேலை. நான் நோட்டுல சிஆர்பி கட்டத்தை அடிச்சுட்டு வேற மூணு கட்டம் போட்டேன், எடை, எத்தனை நிமிஷம் நாற்காலியில உக்காந்தாரு, எத்தனை எட்டு நடந்தாரு. வீட்டுக்கு வந்த அன்னைக்கு 46 கிலோ, 5 நிமிஷம், எட்டு பூஜ்யம். நாப்பதாம் நாள் பக்கத்துல 49 கிலோ, 2 மணி நேரம், தெருமுனை டீக்கடை வரைக்கும் 112 எட்டு, நடுவுல ஒரு தடவை உக்காந்தாருன்னு தம்பி கையெழுத்துல இருக்கு.